எளிய சமன்பாடுகளைத் தீர்ப்பது எப்படி: தராசிலிருந்து தொடங்குவோம்

என் அக்கா மகள் எட்டாம் வகுப்பு படித்தபோது ஒருநாள் அவளுடைய கணக்கு நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஓர் எண்ணின் மூன்று மடங்கு 12, அந்த எண் என்ன என்பது கேள்வி. அவள் எழுதியிருந்த விடை 9.

"எப்படிம்மா 9 வந்துச்சு?" என்று கேட்டேன்.

"3 அந்தப் பக்கம் போனா மைனஸ் ஆகும்ல மாமா? 12ல 3 போனா 9."

வகுப்பில் சொன்ன விதியை அவள் அப்படியே மனதில் வைத்திருந்தாள். ‘பக்கம் மாறினால் குறி மாறும்.’ அந்த விதி எங்கிருந்து வந்தது, எதற்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்பதை மட்டும் யாரும் அவளிடம் சொல்லவில்லை. இத்தனைக்கும் நான்கு மூன்று பன்னிரண்டு என்று வாய்ப்பாடு சொல்பவள்தான். வாய்ப்பாட்டை நம்பியிருந்தாலே சரியான விடை வந்திருக்கும்.

அன்று அவளுடன் உட்கார்ந்து பேசியதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். இயற்கணிதத்தை இப்போதுதான் தொடங்கும் பிள்ளைகள், அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க உட்காரும் பெற்றோர், போட்டித் தேர்வுக்காகப் பல வருடம் கழித்துக் கணக்கைத் தொடுபவர்கள், எல்லோருக்கும் இது பயன்படும். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தலோடு மைனஸ் எண்களும் தெரிந்திருந்தால் போதும். நோட்டும் பேனாவும் பக்கத்தில் இருக்கட்டும்.

ஒரு சின்ன ஏற்பாடு. பாடநூல்களில் தெரியாத எண்ணுக்கு எக்ஸ் என்று போட்டிருப்பார்கள். நான் இங்கே ‘ம’ என்று எழுதுகிறேன். மறைந்திருக்கும் எண் என்பதன் முதல் எழுத்து அது. க, உ, ச, எ, அ போன்ற எழுத்துகளை வேண்டுமென்றே தவிர்த்தேன். பழைய தமிழ் எண்களில் 1, 2, 4, 7, 8 ஆகியவை கிட்டத்தட்ட அந்த எழுத்துகளின் வடிவில்தான் இருக்கும், குழப்பம் வரும். எந்த எழுத்தைப் போட்டாலும் கணக்கு ஒன்றுதான்.

சமன்பாடு என்பது ஒரு தராசு

மளிகைக் கடைத் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரானிக் தராசு இல்லை, இரண்டு தட்டு தொங்கும் பழைய தராசு. இடது தட்டில் ஒரே மாதிரியான இரண்டு சீரகப் பொட்டலங்கள், கூடவே ஒரு 50 கிராம் எடைக்கல். வலது தட்டில் 200 கிராம். முள் நடுவில் நிற்கிறது. ஒரு பொட்டலம் எவ்வளவு கனம்?

எழுதினால் இப்படி வரும்:

2ம + 50 = 200

2ம என்றால் 2 × ம. எழுத்துக்கு முன்னால் ஒட்டி நிற்கும் அந்த 2க்குக் கெழு என்று பெயர். நடுவில் இருக்கும் சமக்குறிதான் தராசின் முள்.

கடைக்காரர் என்ன செய்வார்? இடது தட்டிலிருந்து 50 கிராம் கல்லை எடுப்பார். உடனே வலது தட்டு தாழ்ந்துவிடும். மறுபடி சமமாக வேண்டுமென்றால் அங்கிருந்தும் 50 கிராம் குறைய வேண்டும். 200 கிராம் கல்லை எடுத்துவிட்டு 100, 50 என இரண்டு கல்லை வைப்பார். இப்போது இரண்டு பொட்டலத்துக்குச் சமம் 150 கிராம். இரண்டு பக்கத்தையும் பாதியாக்கினால் ஒரு பொட்டலம் 75 கிராம்.

2ம + 50 − 50 = 200 − 50
2ம = 150
ம = 75

இந்தப் பாடம் முழுவதற்கும் ஒரே விதிதான்: ஒரு தட்டில் எதைச் செய்கிறீர்களோ அதையே மறு தட்டிலும் செய்ய வேண்டும். கூட்டலாம், கழிக்கலாம், பெருக்கலாம், வகுக்கலாம். பூஜ்ஜியத்தால் வகுக்க மட்டும் கூடாது.

‘பக்கம் மாறினால் குறி மாறும்’ என்பதும் இதிலிருந்து வந்த குறுக்குவழிதான். மேலே முதல் வரியைப் பாருங்கள். இடது பக்கத்தில் +50ம் −50ம் சேர்ந்து காணாமல் போகின்றன, வலது பக்கத்தில் −50 மிஞ்சுகிறது. பார்ப்பவருக்கு 50 இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தாவி, குறியை மாற்றிக்கொண்ட மாதிரி தெரியும். உண்மையில் எதுவும் தாவவில்லை. இரண்டு பக்கமும் 50ஐக் கழித்தோம், அவ்வளவுதான்.

இது புரிந்தால் 3ம = 12 என்ற கணக்கில் 3ஐக் கழிக்கத் தோன்றாது. 3 அங்கே கூட்டலாக இல்லை, ம என்ற எண்ணைப் பெருக்கிக்கொண்டிருக்கிறது. பெருக்கலை நீக்குவது வகுத்தல். இரண்டு பக்கத்தையும் 3ஆல் வகுத்தால் ம = 4.

முதல் படி: ஒரே ஒரு செயல் இருக்கும் கணக்குகள்

ம + 9 = 15. இரண்டு பக்கமும் 9ஐக் கழிக்க, ம = 6.
ம − 7 = 5. இரண்டு பக்கமும் 7ஐக் கூட்ட, ம = 12.
6ம = 42. இரண்டு பக்கத்தையும் 6ஆல் வகுக்க, ம = 7.
ம/4 = 5. இரண்டு பக்கத்தையும் 4ஆல் பெருக்க, ம = 20.

இவற்றைப் பார்த்தவுடனே மனக்கணக்காக விடை வந்துவிடும். இருந்தாலும் முதல் வாரம் முழுவதும், இரண்டு பக்கமும் என்ன செய்தீர்கள் என்பதை வாயால் சொல்லிக்கொண்டே எழுதுங்கள். இந்தப் பழக்கம் பின்னால் ரொம்பக் கைகொடுக்கும்.

ஒரு வகையை மட்டும் தனியாகக் கவனிக்க வேண்டும்: −3ம = 12. இங்கே பலர் 3ஆல் வகுத்து 4 என்று எழுதிவிடுகிறார்கள். ம என்ற எண்ணோடு ஒட்டியிருப்பது −3. அதனால் இரண்டு பக்கத்தையும் −3ஆல் வகுக்க வேண்டும். விடை −4. போட்டுப் பாருங்கள்: −3 × −4 = 12.

இரண்டாம் படி: எதை முதலில் நீக்குவது?

4ம + 7 = 31 என்று எடுத்துக்கொள்வோம். ஓர் எண்ணை முதலில் 4ஆல் பெருக்கி, அப்புறம் 7ஐக் கூட்டியிருக்கிறார்கள். நாம் அதைப் பிரிக்கிறோம். டிபன் கேரியரில் கடைசியாக வைத்த மேல் அடுக்கைத்தான் முதலில் எடுக்க முடியும் இல்லையா? அதே மாதிரி கடைசியாகச் செய்த 7 முதலில் போக வேண்டும், அப்புறம்தான் 4.

4ம = 24
ம = 6

முதலிலேயே 4ஆல் வகுக்கக் கூடாதா? வகுக்கலாம், தப்பில்லை. ஆனால் 7ஐயும் சேர்த்து வகுக்க வேண்டியிருக்கும்: ம + 7/4 = 31/4. வீணாகப் பின்னத்தில் மாட்டிக்கொள்வோம். அதோடு 7ஐ வகுக்க மறந்துபோவதும் எளிது.

10 − 2ம = 4 மாதிரிக் கணக்குகளில் மைனஸ் பயமுறுத்தினால், அந்த 2ம என்பதை இரண்டு பக்கமும் கூட்டிவிடுங்கள். 10 = 4 + 2ம. இப்போது 6 = 2ம, அதாவது ம = 3. விடை வலது பக்கத்தில் வந்தாலும் பரவாயில்லை, தராசில் எந்தத் தட்டு எந்தப் பக்கம் இருந்தால் என்ன.

குறையாக இருக்கும் ஒன்றை இரண்டு பக்கமும் கூட்டி நிறைவாக்கும் இந்த வேலைக்குத்தான் 9ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் இருந்த கணித அறிஞர் அல்குவாரிஸ்மி ‘அல்ஜபர்’ என்று பெயர் வைத்தார். அல்ஜீப்ரா என்ற சொல்லே அதிலிருந்து வந்ததுதான். முறிந்த எலும்பைச் சேர்த்துக் கட்டுவதற்கும் அரபியில் அதே சொல். குறையை நிறைவாக்குவதற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

எழுதும் விதம்

இதைச் சின்ன விஷயம் என்று தாண்டிவிடாதீர்கள். நான் பார்த்த தவறுகளில் பாதி எழுதும் விதத்தால் வந்தவை. ஒரு வரிக்கு ஒரு சமக்குறி. அடுத்த அடியை அடுத்த வரியில், சமக்குறிக்கு நேர் கீழே சமக்குறி வருமாறு எழுதுங்கள். பலர் இப்படி எழுதுவார்கள்:

2ம + 6 = 20 = 20 − 6 = 14 = 14/2 = 7

இதில் 20 = 14 = 7 என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். ‘அடுத்து என்ன’ என்று காட்டும் அம்புக்குறி மாதிரி சமக்குறியைப் பயன்படுத்தியதால் வந்த கோளாறு இது. ராபர்ட் ரெக்கார்டு என்ற வேல்ஸ் நாட்டுக்காரர் 1557இல் இந்தக் குறியை முதன்முதலில் அச்சில் கொண்டுவந்தார். இரண்டு இணைகோடுகளைவிடச் சமமான இரண்டு பொருள் இருக்க முடியாது என்று அதற்குக் காரணமும் எழுதினார். இடது பக்கமும் வலது பக்கமும் ஒரே மதிப்பு என்பதைத் தவிர அந்தக் குறிக்கு வேறு பொருள் கிடையாது.

மூன்றாம் படி: இரண்டு பக்கமும் ம இருந்தால்

இந்த வகைக்கு ஆரியபடர் 499இலேயே ஒரு சூத்திரம் சொல்லியிருக்கிறார். இரண்டு பேரிடம் விலை தெரியாத ஒரே வகைப் பொருள்கள் கொஞ்சம், காசு கொஞ்சம் இருக்கின்றன. இருவர் சொத்தும் சமம். காசுகளின் வித்தியாசத்தைப் பொருள்களின் வித்தியாசத்தால் வகுத்தால் ஒரு பொருளின் விலை வரும் என்கிறார்.

ஒருவரிடம் 7 மணியும் 10 காசும் இருக்கட்டும். மற்றவரிடம் 3 மணியும் 42 காசும்.

7ம + 10 = 3ம + 42

இருவரிடமிருந்தும் மும்மூன்று மணிகளை எடுத்துவிடுவோம். சொத்து இன்னும் சமம்தான்.

4ம + 10 = 42
4ம = 32
ம = 8

சூத்திரப்படி பார்த்தாலும் 42 − 10 = 32, 7 − 3 = 4, 32/4 = 8. மணியும் விலை தெரியாத ஓர் எண்தான் என்பதால் எண்ணைக் கழிப்பது போலவே அதையும் இரண்டு பக்கமும் கழிக்கலாம். எந்தப் பக்கம் ம குறைவாக இருக்கிறதோ அதை நீக்குங்கள், மைனஸ் தொல்லை வராது.

நான்காம் படி: அடைப்புக்குறி

அடைப்புக்கு வெளியே இருக்கும் எண் உள்ளே இருக்கும் ஒவ்வோர் உறுப்பையும் பெருக்க வேண்டும். 3(ம + 2) என்றால் 3ம + 6. முதல் உறுப்பை மட்டும் பெருக்கி 3ம + 2 என்று எழுதுவது பெரும்பாலானோர் செய்யும் தவறு.

வெளியே மைனஸ் இருந்தால் இன்னும் நிதானம் வேண்டும். இதைப் பாருங்கள்:

5 − 2(ம − 3) = 1

முதல் பொறி: 5இலிருந்து 2ஐக் கழித்து 3(ம − 3) என்று எழுதத் தோன்றும். கூடாது. 2 அடைப்போடு பெருக்கலாக ஒட்டியிருக்கிறது, பெருக்கலுக்குத்தான் முன்னுரிமை. இரண்டாவது பொறி: −2ஐ −3ஆல் பெருக்கும்போது −6 என்று எழுதுவது. இரண்டு மைனஸைப் பெருக்கினால் பிளஸ்.

5 − 2ம + 6 = 1
11 − 2ம = 1
11 = 1 + 2ம
10 = 2ம
ம = 5

விடையைப் போட்டுப் பாருங்கள்

இயற்கணிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். விடை சரியா என்று ஆசிரியரிடம் கேட்கத் தேவையில்லை, புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டவும் தேவையில்லை. ம இருந்த இடத்தில் 5ஐ வைத்தால் 5 − 2(5 − 3) = 5 − 4 = 1. முள் நடுவில் நிற்கிறது. இரண்டாவது பொறியில் விழுந்திருந்தால் ம = −1 என்று வந்திருக்கும். போட்டுப் பார்த்தால் 5 − 2(−4) = 13. தராசு சாய்ந்துவிட்டது, எங்கோ தவறு என்று அப்போதே தெரிந்துவிடும்.

ஒன்றை மறக்காதீர்கள். கேள்வியில் முதலில் கொடுத்த சமன்பாட்டில்தான் போட்டுப் பார்க்க வேண்டும். நடுவில் எழுதிய வரியில் போட்டால், அதற்கு முன்பே நடந்த தவறு பிடிபடாது.

ஐந்தாம் படி: பின்னம்

பின்னம் இருந்தால் முதல் வேலையாக அதை விரட்டிவிடுவோம். ம/3 + ம/4 = 7. பகுதியில், அதாவது பின்னக் கோட்டுக்குக் கீழே இருப்பவை 3, 4. இவற்றின் மீச்சிறு பொது மடங்கு 12. ஒவ்வோர் உறுப்பையும் 12ஆல் பெருக்குங்கள்.

4ம + 3ம = 84
7ம = 84
ம = 12

வலது பக்கம் 7 பின்னமாக இல்லையே என்று அதைப் பெருக்காமல் விட்டுவிடுகிறவர்கள் நிறைய. அப்படிச் செய்தால் ஒரு தட்டு மட்டும் 12 மடங்காகிவிடும்.

தொகுதியில், அதாவது பின்னக் கோட்டுக்கு மேலே இரண்டு உறுப்புகள் இருந்தால், பின்னக் கோட்டையே ஓர் அடைப்புக்குறியாக நினைத்துக்கொள்ளுங்கள். (ம + 1)/2 − (ம − 2)/3 = 3 என்ற கணக்கை 6ஆல் பெருக்கினால்:

3(ம + 1) − 2(ம − 2) = 18
3ம + 3 − 2ம + 4 = 18
ம + 7 = 18
ம = 11

விடை விசித்திரமாக வந்தால்

5ம + 4 = 4 என்ற கணக்கில் 5ம = 0, ஆகவே ம = 0. இதைத் தீர்வு இல்லை என்று எழுதக் கூடாது. பூஜ்ஜியமும் ஓர் எண்தான், அதுவே தீர்வு.

2ம + 3 = 2ம + 7 என்ற கணக்கில் இரண்டு பக்கமும் 2ம என்பதை நீக்கினால் 3 = 7 என்று வரும். எந்த எண்ணாலும் இது நடக்காது. இதற்குத்தான் தீர்வு இல்லை. 2(ம + 3) = 2ம + 6 என்றால் கடைசியில் 6 = 6 மிஞ்சும். எந்த எண்ணைப் போட்டாலும் சரியாகவே இருக்கும்.

வாக்கியக் கணக்குகள்

சமன்பாட்டைத் தீர்க்கத் தெரிந்த பிள்ளைகள்கூட இங்கே வந்து திணறுகிறார்கள். கணக்கில் திணறுவதைவிட வாக்கியத்தைப் படிப்பதில்தான் அதிகம் திணறுகிறார்கள். தமிழில் வேற்றுமை உருபு எந்தச் சொல்லோடு ஒட்டியிருக்கிறது என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

‘ஓர் எண்ணிலிருந்து 5ஐக் கழித்தால்’ என்பது ம − 5. ‘5இலிருந்து ஓர் எண்ணைக் கழித்தால்’ என்பது 5 − ம. ‘இலிருந்து’ எதோடு ஒட்டியிருக்கிறதோ அது முதலில் வரும்.

‘ஓர் எண்ணின் இரு மடங்குடன் 3ஐக் கூட்டினால்’ என்பது 2ம + 3. ‘ஓர் எண்ணுடன் 3ஐக் கூட்டி, வருவதை இரு மடங்காக்கினால்’ என்பது 2(ம + 3). ‘வருவதை’ என்ற சொல்லைப் பார்த்தால் அதுவரை இருப்பதை அடைப்புக்குள் போடுங்கள். ‘ஆகும்’, ‘வரும்’, ‘கிடைக்கும்’, ‘சமம்’ என்று வாக்கியத்தை முடிக்கும் சொல்தான் சமக்குறி.

ஒரு கணக்கு. ஆட்டோவில் ஏறியதும் 30 ரூபாய், அதன்பின் கிலோமீட்டருக்கு 15 ரூபாய். மொத்தம் 105 ரூபாய் கொடுத்தீர்கள் என்றால் எத்தனை கிலோமீட்டர் போனீர்கள்? முதலில் ம என்றால் என்ன என்று ஒரு வரி எழுதுங்கள்: ம = போன கிலோமீட்டர். 15ம + 30 = 105. தீர்த்தால் 5 கிலோமீட்டர்.

அடுத்து வயதுக் கணக்கு. தாயின் வயது இன்று மகளின் வயதைப் போல 4 மடங்கு. 5 வருடம் கழித்து 3 மடங்காக இருக்கும். இன்று மகளின் வயது என்ன? மகள் வயதை ம என்றால் தாய் 4ம. 5 வருடம் கழித்து மகள் ம + 5, தாய் 4ம + 5. இருவருக்கும்தான் வயது ஏறும், ஒருவருக்கு மட்டும் 5ஐக் கூட்டிவிட்டு மற்றவரை மறந்துவிடக் கூடாது.

4ம + 5 = 3(ம + 5)
4ம + 5 = 3ம + 15
ம = 10

மகளுக்கு 10, தாய்க்கு 40. 5 வருடம் கழித்து 15, 45. சரியாக 3 மடங்கு.

நீங்களே செய்து பார்க்க

1. 5ம − 8 = 27
2. 9 − 4ம = 29
3. 3(ம + 2) = 5ம − 4
4. ம/2 − ம/5 = 6
5. 7 − (ம − 4) = 2ம + 2
6. ஓர் எண்ணையும் அதன் ஏழில் ஒரு பங்கையும் கூட்டினால் 19 வரும். அந்த எண் என்ன?

முதல் ஐந்துக்கும் விடைகள் வரிசையாக 7, −5, 5, 20, 3. வேறு எண் வந்திருந்தால் இந்த விடையைப் பார்த்துத் திருத்தாதீர்கள். உங்கள் விடையைச் சமன்பாட்டில் போட்டு, எந்த வரியில் தராசு சாய்ந்தது என்று தேடிக் கண்டுபிடியுங்கள்.

ஆறாவது கணக்கு நான் எழுதியதில்லை. சுமார் கி.மு. 1550இல் அகமோசு என்ற எகிப்திய எழுத்தர் பப்பைரஸ் சுருளில் எழுதி வைத்த கணக்கு அது. சுருள் இன்று லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவரிடம் ம என்ற எழுத்தோ சமக்குறியோ கிடையாது. விடை 7 என்று சும்மா வைத்துக்கொண்டார். 7உம் அதன் ஏழில் ஒரு பங்கான 1உம் சேர்ந்தால் 8. வேண்டியதோ 19. எனவே 8ஐ எத்தனை மடங்காக்கினால் 19 வருமோ, 7ஐயும் அத்தனை மடங்காக்கினார். அவருக்குக் கிடைத்தது 16உம் அரையும் அரைக்காலும்.

நம் வழியில் ம + ம/7 = 19. ஒவ்வோர் உறுப்பையும் 7ஆல் பெருக்கினால் 7ம + ம = 133, அதாவது 8ம = 133. ம = 133/8. பதினாறே முக்காலுக்கு அரைக்கால் குறைவு, அதாவது அவருடைய அதே விடை. போட்டுப் பார்க்கலாம்: 133/8இன் ஏழில் ஒரு பங்கு 19/8. இரண்டையும் கூட்டினால் 152/8, சரியாக 19.